அமால்ஃபி கடற்கரையில் தனி வழிகாட்டியுடன் ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலிக்குச் செல்லும் நண்பர்களும் உறவினர்களும் அமால்ஃபி கடற்கரைக்கு ஒதுக்குவது பெரும்பாலும் ஒரே ஒரு நாள்தான். அந்த ஒரு நாளைப் பற்றி அவர்கள் கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எடுத்து எழுதிப் பதில்களை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன்.

அமால்ஃபி கடற்கரை என்பது ஓர் ஊரா, பல ஊர்களா? சொரெண்டோவும் அதில் சேர்ந்ததுதானே?

நேப்பிள்ஸ் நகருக்குத் தெற்கே கடலுக்குள் நீண்டிருக்கும் சொரெண்டோ தீபகற்பத்தின் தென்புறக் கரையே அமால்ஃபி கடற்கரை. மேற்கே பொசிட்டானோவில் தொடங்கிக் கிழக்கே வியெத்ரி வரை, லத்தாரி மலைகளின் சரிவில் 13 ஊராட்சிகள் இதில் அடங்கும். அமால்ஃபி அவற்றுள் ஒன்று. வரலாற்றில் மிகப் பெரிய பெயர் பெற்றதால் கரை முழுவதற்கும் அதன் பெயரே நிலைத்துவிட்டது. 1997இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சொரெண்டோ இதில் சேராது. அது தீபகற்பத்தின் வடபுறத்தில், நேப்பிள்ஸ் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கிறது. நேப்பிள்ஸிலிருந்து சொரெண்டோ வரை ரயில் உண்டு. அதற்கு அப்பால், கிழக்குக் கோடியிலுள்ள வியெத்ரியைத் தவிர, தென்கரையில் ரயிலே கிடையாது. அங்கே சாலை அல்லது படகு ஆகிய இரண்டே வழிகள்தான் உள்ளன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் பதில்கள் பலவற்றுக்குக் காரணம் விளங்கும்.

குழுவாகப் போகும் பேருந்துச் சுற்றுலா மலிவாகக் கிடைக்கிறதே. தனி வண்டியும் வழிகாட்டியும் எதற்கு?

நேரத்துக்காகத்தான். குழுச் சுற்றுலாவில் ஒவ்வொரு ஊரிலும் குறித்த நேரத்துக்குள் நாற்பது ஐம்பது பேர் இறங்கி ஏற வேண்டும். பெரிய பேருந்துகளுக்கு இந்தச் சாலையில் கட்டுப்பாடுகளும் உள்ளன. அதனால் அவை நிற்கும் இடங்களும் தங்கும் நேரமும் முன்பே முடிவாகிவிடுகின்றன. ரவெல்லோ போன்ற மலை மேலுள்ள ஊர்கள் பல திட்டங்களில் விடுபட்டுப் போகின்றன, அல்லது அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றன.

தனிப் பயணத்தின் உண்மையான ஆதாயம் சொகுசு இருக்கை அன்று. எதை விடுவது என்று நீங்களே முடிவு செய்ய முடிகிறது என்பதே. கூட்டம் அதிகமான இடத்தைக் கடந்து செல்லலாம், பிடித்த இடத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்கலாம். அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தப் போவதில்லை, படம் எடுத்தால் போதும் என்பவர்களுக்குக் குழுப் பேருந்தே போதுமானது. கூடுதல் செலவு வீண்.

ஓட்டுநர் நன்றாக ஆங்கிலம் பேசுவாராம். அவரே வழிகாட்டியாக இருந்துவிட மாட்டாரா?

இந்தக் குழப்பம் பலருக்கு உண்டு. இத்தாலியில் ஓட்டுநருடன் வண்டியை வாடகைக்கு விடுவதற்கு ஓர் உரிமம் உண்டு. அதைச் சுருக்கமாக என்.சி.சி. என்பார்கள். சுற்றுலா வழிகாட்டி என்பது முற்றிலும் வேறு தொழில். அதற்குத் தேர்வு எழுதித் தனி உரிமம் பெற வேண்டும். 2023இல் இதற்கென நாடு முழுவதற்குமான புதிய சட்டமும் வந்தது. ஓட்டுநர் வண்டி ஓட்டிக்கொண்டே ஊர்களைப் பற்றிப் பேசலாம். தேவாலயத்துக்குள்ளோ அருங்காட்சியகத்துக்குள்ளோ உங்களுடன் வந்து விளக்கம் தர அவருக்கு உரிமை இல்லை. வண்டியை விட்டுவிட்டு வரவும் அவரால் முடியாது.

எனவே விளம்பரத்தில் ‘வழிகாட்டியுடன்’ என்று இருந்தால், உரிமம் பெற்ற வழிகாட்டி உடன் வருகிறாரா, அல்லது ஆங்கிலம் பேசும் ஓட்டுநர் மட்டும்தானா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாள் முழுவதற்கும் வழிகாட்டி தேவையில்லை என்று நினைத்தால், அமால்ஃபியில் மட்டும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு அவ்வூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. என் பார்வையில் பெரும்பாலோருக்கு அதுவே சிறந்தது. காரணத்தை அமால்ஃபியின் வரலாறு பற்றிய பதிலில் சொல்கிறேன்.

கட்டணம் தலைக்கா, வண்டிக்கா? பிறகு வேறு செலவு வருமா?

தனிப் பயணத்தில் கட்டணம் பொதுவாக வண்டிக்கு. எத்தனை மணி நேரம் என்பதைப் பொறுத்தது. ஆகவே இருவர் போவதைவிட ஆறு பேர் ஒரு வேனில் போனால் தலைக்கு வரும் செலவு வெகுவாகக் குறையும். வழிகாட்டிக்கான கட்டணம், நுழைவுச் சீட்டுகள், மதிய உணவு ஆகியவை பெரும்பாலும் தனி. சுங்கமும் வண்டி நிறுத்தும் கட்டணமும் சேர்ந்ததா, சொன்ன நேரத்தைத் தாண்டினால் மணிக்கு எவ்வளவு என்னும் இரண்டையும் முன்பே கேளுங்கள். இந்தச் சாலையில் நெரிசலால் நேரம் நீள்வது சாதாரணம். அந்தக் கூடுதல் யார் கணக்கில் சேரும் என்பதில்தான் மனக்கசப்பு வருகிறது.

உணவகங்களில் ‘கொப்பெர்த்தோ’ என்று தலைக்குச் சிறு தொகை ரசீதில் சேர்ப்பார்கள். அது வழக்கமானதே, ஏமாற்று அன்று. ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் அன்பளிப்பு தருவது உங்கள் விருப்பம்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியும். நாமே வாடகைக்கு எடுத்துப் போனால் என்ன?

போகலாம், நான் பரிந்துரைக்க மாட்டேன். எஸ்.எஸ். 163 என்று எண்ணிடப்பட்ட இந்த நெடுஞ்சாலை 19ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸின் பூர்பன் மன்னர்கள் காலத்தில் மலையைக் குடைந்தும் செதுக்கியும் அமைக்கப்பட்டது. அதற்கு முன் இந்த ஊர்களுக்குப் படகும் கோவேறு கழுதைப் பாதையும்தான். குதிரை வண்டிகளுக்காகப் போட்ட அகலத்தில் இன்று பேருந்துகள் எதிரெதிரே வருகின்றன. பல வளைவுகளில் ஒரு வண்டி பின்வாங்கினால்தான் மற்றொன்று கடக்க முடியும்.

அது மட்டுமன்று. 2022 முதல், நெரிசல் மிகுந்த நாள்களில் பகல் வேளையில், வண்டி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதைப் பொறுத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் மட்டுமே தனியார் கார்களை அனுமதிக்கும் முறை வந்திருக்கிறது. வாடகைக் கார்களுக்கும் அது பொருந்தும்; உரிமம் பெற்ற என்.சி.சி. வண்டிகளுக்கும் டாக்சிகளுக்கும் விலக்கு உண்டு. வண்டி நிறுத்த இடம் கிடைப்பது இன்னொரு போராட்டம். இந்திய உரிமத்துடன் ஓட்டுபவர்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வைத்திருக்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு, ஓட்டுபவர் கடலைத் திரும்பிப் பார்க்கவே முடியாது.

எந்த மாதம் போவது நல்லது?

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரையும், செப்டம்பர் பிற்பாதியிலிருந்து அக்டோபர் வரையும். ஆகஸ்டு மாதத்தை, குறிப்பாக 15ஆம் தேதி விடுமுறையை ஒட்டிய நாள்களை, முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். இத்தாலியர்களே பெருங்கூட்டமாகக் கடலுக்கு வரும் காலம் அது. நவம்பர் முதல் மார்ச் வரை விடுதிகளும் உணவகங்களும் பல மூடியிருக்கும், படகுகளும் பெரும்பாலும் ஓடா.

பொசிட்டானோ, அமால்ஃபி, ரவெல்லோ மூன்றையும் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் பொம்பேயையும் சேர்த்துவிடலாம் அல்லவா?

சேர்க்க வேண்டாம். வரைபடத்தில் எல்லாம் அருகருகேதான் தெரியும். நேப்பிள்ஸிலிருந்து பொசிட்டானோவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். நல்ல நேரத்தில் ஒன்றரை மணி. பொசிட்டானோவிலிருந்து அமால்ஃபிக்கு 17 கிலோமீட்டர்தான். கோடையில் அதற்கே ஒரு மணி நேரம் பிடிக்கும். அங்கிருந்து ரவெல்லோவுக்கு மலையேற இன்னும் அரை மணி. பத்து மணி நேரப் பயணத்தில் பாதி வண்டியிலேயே போய்விடும்.

எரிமலை வெடிப்பில் புதைந்த பண்டைய ரோமானிய நகரமான பொம்பே, தனி நாள் கேட்கும் இடம். அவசரமாகப் பார்த்தாலும் மூன்று மணி நேரம் வேண்டும். நிழல் குறைவு, நடை அதிகம். 2024 நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை. சீட்டிலும் பெயர் பதிய வேண்டும். கடற்கரையின் மூன்று ஊர்களே ஒரு நாளுக்கு அதிகம் என்பேன். மூன்றில் ஒன்றைக் குறைக்க நேர்ந்தால், பலர் திடுக்கிட்டாலும் சரி, பொசிட்டானோவைச் சாலையோரப் பார்வையிடத்தில் நின்று பார்த்துவிட்டு நகருங்கள் என்றே சொல்வேன். அந்த ஊரின் பெரும் அழகு தூரத்திலிருந்து பார்க்கும்போதுதான் முழுதாகத் தெரிகிறது. உள்ளே இறங்கினால் பெரும்பகுதி துணிக்கடைகளும் படிகளும். ஒரே ஒரு விலக்கு உண்டு: கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் வெடிப்பில் புதைந்த ரோமானிய மாளிகை ஒன்று அவ்வூர்த் தேவாலயத்தின் அடியில் அகழ்ந்தெடுக்கப்பட்டு, பார்வைக்குத் திறந்திருக்கிறது. பொம்பேக்குப் போக முடியாதவர்களுக்கு அதன் சுவரோவியங்கள் நல்ல ஆறுதல்.

எந்த வரிசையில் போக வேண்டும்? வண்டியில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் கடல் தெரியும்?

காலை எட்டு மணிக்குள் புறப்பட்டு, மேற்கிலிருந்து கிழக்காக, அதாவது பொசிட்டானோ, அமால்ஃபி, ரவெல்லோ என்று போவது நல்லது. இத்தாலியில் வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடுவதாலும், இந்தத் திசையில் கடல் வலக்கைப் பக்கம் இருப்பதாலும், வலப்புற இருக்கைக்குக் கீழே நேராகக் கடல்தான். எதிர்த் திசையில் போனால் இடப்புறம் உட்கார வேண்டும். அப்போதும் இடையில் ஒரு வரிசை வண்டிகள் வரும்.

திரும்பும்போது வந்த வழியே வர வேண்டியதில்லை. ரவெல்லோவிலிருந்து திரமோந்தி வழியாக, 656 மீட்டர் உயரத்திலுள்ள கியுன்சி கணவாயைக் கடந்து, மறுபுறம் நெடுஞ்சாலையைப் பிடித்து நேப்பிள்ஸ் சேரலாம். திராட்சைத் தோட்டங்களும் கஷ்கொட்டைக் காடுகளும் உள்ள அமைதியான மலைப்பாதை அது. மாலை நெரிசலில் கடற்கரைச் சாலையில் மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்க உள்ளூர் ஓட்டுநர்கள் விரும்பும் வழி. உங்கள் ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

அமால்ஃபி ஒரு சின்ன ஊர்தானே. அதற்கு ஒரு வழிகாட்டி வைக்கும் அளவுக்கு என்ன வரலாறு இருக்கிறது?

அந்தச் சின்ன ஊர்தான் ஒரு காலத்தில் மத்தியதரைக்கடல் வணிகத்தின் முன்னணியில் இருந்தது. 839இல் நேப்பிள்ஸின் ஆட்சியிலிருந்து விடுபட்ட அமால்ஃபி, வெனிஸ், ஜெனோவா, பீசா ஆகியவற்றுடன் சேர்த்து எண்ணப்படும் நான்கு கடல்வணிகக் குடியரசுகளுள் ஒன்று. இத்தாலியக் கடற்படையின் கொடியில் இன்றும் அந்த நான்கின் சின்னங்களே உள்ளன. எகிப்திலும் கான்ஸ்டான்டிநோபிளிலும் அதன் வணிகர்கள் குடியிருப்புகள் வைத்திருந்தார்கள். 11ஆம் நூற்றாண்டில் ஜெருசலேமில் அவர்கள் நிறுவிய மருத்துவமனையிலிருந்துதான் பின்னாளில் மால்டா வீரர்கள் என்று அறியப்பட்ட சமயப்படை வளர்ந்தது. கப்பல் மூழ்கினால் சரக்கின் இழப்பை யார் ஏற்பது, மாலுமிக்கு என்ன பங்கு என்பவற்றை வகுத்த அமால்ஃபியின் கடற்சட்டம் பல நூற்றாண்டுகள் பயன்பாட்டில் இருந்தது.

1073இல் நார்மானியர் பிடித்தனர். 1135இலும் 1137இலும் பீசாவின் படை சூறையாடியது. 1343 நவம்பரில் எழுந்த கடற்சீற்றத்தில் துறைமுகமும் ஊரின் தாழ்ந்த பகுதியும் அழிந்தன. இன்று நீங்கள் பார்ப்பது, எஞ்சிய பாதி ஊர். மரக்கலங்கள் கட்டிய பழைய கப்பற்பட்டறையின் கல்வளைவுகளுக்குள் நின்றால் இது புரியும்: வளைவுகளின் வரிசை திடீரென்று நின்றுவிடுகிறது, மிச்சம் கடல் கொண்டது. இதைச் சுட்டிக்காட்ட ஓர் ஆள் இல்லாவிட்டால், ஏதோ பழைய கிடங்கு என்று கடந்துவிடுவோம். வழிகாட்டி வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவே.

புனித அந்திரேயா பேராலயமும் அப்படித்தான். 62 படிகளுக்கு மேலே பளபளக்கும் முகப்பு பழமையானதாகத் தோன்றினாலும், 1861இல் பழைய முகப்பு இடிந்து விழுந்ததால் புதிதாகக் கட்டி 1891இல் முடித்தது. உண்மையில் பழமையானது, அவசரத்தில் யாரும் பார்க்காமல் நுழைந்துவிடும் வெண்கலக் கதவு. 11ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் வார்த்துக் கொண்டுவரப்பட்டது. உள்ளே நிலவறையில், 1208இல் அதே நகரிலிருந்து வந்த புனித அந்திரேயாவின் திருப்பண்டங்கள் உள்ளன. பக்கத்திலுள்ள 13ஆம் நூற்றாண்டுச் ‘சொர்க்கத் தாழ்வார’த்தின் ஒன்றையொன்று ஊடறுக்கும் வளைவுகளில் அரபுக் கட்டடக்கலையின் சாயலைக் காணலாம்.

காகித அருங்காட்சியகம் என்று ஒன்று சொல்கிறார்கள். காகிதத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

நேரம் இருந்தால் என்று சொல்ல மாட்டேன்; நேரம் ஒதுக்கிப் போங்கள். அரபு நாடுகளுடன் வணிகம் செய்த அமால்ஃபி, அங்கிருந்து காகிதம் செய்யும் கலையைக் கற்றது. ஊரின் மேற்புறத்தில் ஓடைநீரால் இயங்கிய பழைய ஆலை ஒன்றே அருங்காட்சியகமாக இருக்கிறது. நீர்ச்சக்கரம் சுழன்றதும், முனையில் இரும்பாணிகள் அடித்த கனத்த மரச் சம்மட்டிகள் கல்தொட்டியில் கிடக்கும் கந்தல் துணிகளின் மேல் மாறி மாறி விழுகின்றன. துணி நாராகி, நார் கூழாகும். அந்தக் கூழ்நீரில் கம்பிவலைச் சட்டத்தை முக்கி எடுத்து, ஒரு குலுக்குக் குலுக்கிச் சமன்செய்து, கம்பளித் துணியின் மேல் கவிழ்த்தால் ஒரு தாள்.

பார்வையாளர்களையும் சட்டத்தை முக்கி எடுக்க விடுவார்கள். வலையில் தைத்த கம்பி உருவம் தாளில் நீர்க்குறியாக விழுவதைக் குழந்தைகள் நேரில் கண்டால், வேறு எந்தக் கதையையும்விட நன்றாக நினைவில் வைத்துக்கொள்வார்கள். ஆலையின் உள்ளே ஈரமும் குளிரும் இருக்கும்.

ரவெல்லோவில் வெறும் தோட்டங்கள்தானே? அவ்வளவு மேலே ஏற வேண்டுமா?

கடல்மட்டத்திலிருந்து 365 மீட்டர் உயரத்தில் இருப்பதே அதன் சிறப்பு. கீழே இருக்கும் இரைச்சலும் வெப்பமும் அங்கே இல்லை. அமால்ஃபியின் வணிகச் செல்வம் மாளிகைகளாக மாறியதை அங்கேதான் காண முடியும். 13ஆம் நூற்றாண்டில் ருஃபோலோ குடும்பம் கட்டிய மாளிகைத் தோட்டத்தில் 1880இல் நின்ற இசையமைப்பாளர் ரிச்சர்டு வாக்னர், தன் இசைநாடகத்துக்காகத் தேடிய மாயத்தோட்டத்தைக் கண்டுகொண்டதாக எழுதினார். அதன் நினைவாகவே 1953 முதல் கோடையில் அங்கே இசைவிழா நடக்கிறது. கடலுக்கு மேலே அந்தரத்தில் மேடை அமைப்பார்கள்.

தோட்டத்தோடு திரும்பிவிடாமல் சதுக்கத்திலுள்ள பேராலயத்துக்குள்ளும் செல்லுங்கள். 1179ஆம் ஆண்டின் வெண்கலக் கதவும், ஆறு கற்சிங்கங்கள் முதுகில் தாங்கும் முறுக்குத் தூண்கள் மேல் நிற்கும் 1272ஆம் ஆண்டின் பிரசங்க மேடையும் அங்கே உள்ளன. சிங்கங்கள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை; அருகில் நின்று ஒவ்வொன்றின் முகத்தையும் பாருங்கள்.

அம்மாவுக்கு மூட்டு வலி. அவரை அழைத்துப் போகலாமா?

அழைத்துப் போகலாம், தனி வண்டி இருப்பதன் பலன் அப்போதுதான் முழுமையாகத் தெரியும். பொசிட்டானோ அவருக்கு ஏற்றதன்று. வண்டி மேலேயே நின்றுவிடும். கடற்கரைக்குச் சரிவிலும் படியிலும் இறங்கி, மீண்டும் ஏற வேண்டும். அமால்ஃபியின் முதன்மைத் தெருவும் சதுக்கமும் ஓரளவு சமதளம். பேராலயத்தின் படிகள் அவருக்குக் கடினம் என்றால், சதுக்கத்துக் காப்பிக்கடையில் அமர்ந்து முகப்பைப் பார்க்கலாம். ரவெல்லோவின் சதுக்கமும் சமதளமே. ருஃபோலோ மாளிகை அதை ஒட்டியே இருக்கிறது. சிம்புரோனே மாளிகை மட்டும் படிகளுடன் கூடிய நீண்ட நடை, அதை விட்டுவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு வளைவுச் சாலையில் வாந்தி வரும். என்ன செய்வது?

ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதையில் சிரமப்படும் பிள்ளைகள் இங்கும் சிரமப்படுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எளிதான உணவு, கைபேசியைப் பார்க்காமல் முன்னோக்கிப் பார்ப்பது, மருத்துவர் சொன்ன மாத்திரையைப் புறப்படும் முன்பே தருவது ஆகியவை போதும். கியுன்சி கணவாயிலும் வளைவுகள் உண்டு என்பதால் மாலைக்கும் தயாராக இருங்கள்.

நாங்கள் சுத்த சைவம். மீன் பிடிக்கும் ஊர்களில் என்ன சாப்பிடுவது?

பட்டினி கிடக்க நேராது. மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, எண்ணெய், மூலிகை மட்டுமே உண்டு, பாலாடைக்கட்டிகூட இல்லை. தக்காளிப் பாஸ்தா, கத்தரிக்காய்ப் பர்மிஜானா, சீமைச் சுரைக்காய்ச் சேர்த்த நெரானோ பாஸ்தா ஆகியவை பரவலாகக் கிடைக்கும். கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது நெத்திலி, செத்தாரா ஊர் நெத்திலியை உப்பிலிட்டு வடிக்கும் சாற்றுக்குப் புகழ்பெற்றது, அது சில காய்கறிப் பாஸ்தாக்களிலும் சேரும். ‘சென்சா கார்னே, சென்சா பேஷே’, அதாவது இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டாவது, பர்மிஜானோ போன்ற பாலாடைக்கட்டிகள் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் செய்யப்படுகின்றன. அதைத் தவிர்ப்பவர்கள் ‘சென்சா ஃபொர்மாஜ்ஜோ’ என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எலுமிச்சையைத் தவறவிடாதீர்கள். நீண்டு கூர்த்த அமால்ஃபி எலுமிச்சை, மலைச்சரிவில் கல்லடுக்கிக் கட்டிய படித்தளங்களில், கஷ்கொட்டைக் கழிகளால் ஆன பந்தலின் கீழ் விளைகிறது. சாறும் பழச்சாற்றுப் பனிக்குழைவும் எல்லா ஊரிலும் கிடைக்கும்.

கப்பல் சுற்றுலாவில் நேப்பிள்ஸில் ஒரு நாள்தான் நிற்போம். நேரத்துக்குத் திரும்ப முடியுமா?

முடியும், இரண்டு ஊர்களோடு நிறுத்திக்கொண்டால். கப்பலில் ஏற வேண்டிய இறுதி நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே துறைமுகத்தில் இருப்பதாகத் திட்டமிடுங்கள். தாமதமானால் தனியாக வந்தவர்களுக்காகக் கப்பல் காத்திராது. கரையின் கிழக்கு முனையை அடுத்துள்ள சலேர்னோவில் நிற்கும் கப்பல்களில் வருபவர்களுக்கு வேலை எளிது. அமால்ஃபி அங்கிருந்து மிக அருகில்.

இந்தக் கரைக்கும் நம் நாட்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் அமால்ஃபி தோன்றுவதற்கு முந்தைய ரோமானியர் காலத்தில், நேப்பிள்ஸை ஒட்டிய பகுதியில். முசிறியிலிருந்து புறப்பட்ட மிளகு எகிப்து வழியாக வந்து இறங்கிய பெரிய துறைமுகங்களுள் ஒன்று, இன்று பொட்சுவோலி எனப்படும் புதேயோலி. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன; மத்தியதரைக்கடல் மதுச்சாடிகளின் உடைசல்கள் அரிக்கமேட்டில் கிடைத்துள்ளன. பொம்பேயில் 1938இல் கண்டெடுத்த இந்திய யானைத்தந்தப் பெண்ணுருவம் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு வேறொரு நாளை ஒதுக்குங்கள். மேலே பொம்பே பற்றிச் சொன்ன அதே காரணம்தான்.

பயண நாளில் மழை பெய்தாலோ சாலையை மூடிவிட்டாலோ பணம் போய்விடுமா?

அது நீங்கள் பதிவு செய்யும்போது ஒப்புக்கொண்ட நிபந்தனையைப் பொறுத்தது. பெருமழைக்குப் பின் பாறை சரிந்து இந்தச் சாலையின் சில பகுதிகள் மூடப்படுவது உண்டு. அப்போது மாற்றுவழி ஒன்றே: கியுன்சி கணவாய் வழியாகவோ சலேர்னோ பக்கமாகவோ வந்து, கரையின் கிழக்குப் பாதியை மட்டும் பார்ப்பது. மினோரியில் கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய மாளிகை, செத்தாராவின் காவற்கோபுரம், வியெத்ரியின் மட்பாண்டக் கடைகள் என்று அந்தப் பாதியிலும் ஒரு நாளுக்குப் போதுமானது உண்டு. படகை மாற்றாக நம்ப வேண்டாம். சாலையை மூடும் வானிலையில் படகும் ஓடாது.

ஆகவே பணம் செலுத்தும் முன் மூன்றை எழுத்தில் பெறுங்கள்: சாலை மூடப்பட்டால் மாற்றுத் திட்டம் என்ன, நாளை மாற்றிக்கொள்ள முடியுமா, எத்தனை மணி நேரம் முன்பு ரத்து செய்தால் முழுத் தொகையும் திரும்பும். தெளிவாகப் பதில் தராதவர்களிடம் பதிவு செய்யாதீர்கள்.